கழக்கூட்டத்தின் இரவு யாருக்கு?

கழக்கூட்டம் சந்திப்பில், 2022-ல் திறக்கப்பட்ட உயர்மட்டச் சாலையின் அடியில், இரவு பத்தரை மணிக்கு நின்று பார்ப்பவர்களுக்கு ஒரே ஊரில் இரண்டு இரவுகள் தெரியும். ஒன்று, டெக்னோபார்க் வாசலிலிருந்து கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் புறப்பட்டு வருவது. வேலை முடிந்தது, இனி எங்கே போகலாம் என்பது அந்த இரவின் கேள்வி. மற்றொன்று, ஓட்டல் அடுக்களையின் பின்கதவு வழியாக, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வருவது. தம்பானூர் பக்கம் போகும் பஸ் போய்விட்டதா, இல்லையா என்பது இந்த இரவின் கேள்வி.

முதல் கேள்விக்கு விடை தேடிக் கேரள அரசு பல ஆண்டுகள் ஆலோசித்தது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம்மவர்களில் பலர் இந்த இரண்டாவது இரவைச் சேர்ந்தவர்கள். பரோட்டா மாஸ்டர், சப்ளையர், பாத்திரம் கழுவுபவர், காவலாளி, கட்டட வேலைக்காரர், கடைக் கணக்கு எழுதிவிட்டுக் கடைசியாகக் கதவைப் பூட்டும் குமாஸ்தா என்று அந்தப் பட்டியல் நீளும். ஆகவே பூங்காவுக்குள் மதுக்கூடம் வரலாமா, வரக்கூடாதா என்ற வாதத்தை நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்துவிட முடியாது.

அரசின் ஆணை என்ன?

டெக்னோபார்க் 1990-ல் தொடங்கப்பட்டது. 1995-ல் பிரதமர் நரசிம்மராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வயலும் தோப்புமாக இருந்த கழக்கூட்டத்தின் முகம் அன்று முதல் மாறத் தொடங்கியது. இன்று அங்கே 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். இவர்களில் ஒரு பகுதியினருக்கு அமெரிக்காவின் பகல்தான் அலுவல் நேரம். வேலை முடிந்து வெளியே வரும்போது ஊர் உறங்கிவிடுகிறது. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் உள்ளதைப் போல, நண்பர்களோடு உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டும் என்பது அவர்கள் தரப்பின் வேண்டுகோள். இரவில் பொழுதுபோக்க இடமில்லாத ஊருக்கு நல்ல திறமைசாலிகள் வரத் தயங்குகிறார்கள் என்று கம்பெனிகளும் கூறின.

2019 நவம்பரில் அப்போதைய முதல்வர் பினராயி விஜயன், இரவில் வெகுநேரம் வேலை செய்பவர்களுக்கு 'பப்' போன்ற வசதிகள் இல்லை என்ற குறை இருப்பதாகவும், அதுபற்றி ஆலோசிக்கலாம் என்றும் தொலைக்காட்சியில் தெரிவித்தார். 2022-ஆம் ஆண்டின் மதுக் கொள்கையில் அந்த ஆலோசனைக்கு இடம் கிடைத்தது. 2025 ஏப்ரலில் ஆணை பிறந்தது.

ஆணையின் சாரம் இதுதான். ஒரு பூங்காவுக்கு ஓர் உரிமம். ஆண்டுக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். பகல் 12 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை மது வழங்கலாம். பூங்காவில் வேலை செய்பவர்களுக்கும் கம்பெனிகளின் அலுவல் விருந்தினர்களுக்கும் மட்டுமே அனுமதி. வெளியார் உள்ளே வரக்கூடாது. மாதத்தின் முதல் தேதியிலும், அரசு அறிவிக்கும் மற்ற விலக்கு நாட்களிலும் விற்பனை கிடையாது.

கடைசி விதியைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சம்பளப் பணம் வீடு போய்ச் சேரட்டும் என்ற எண்ணத்தில் கேரளத்தில் ஏற்பட்டது முதல் தேதி விடுமுறை. நல்ல எண்ணந்தான். ஆனால் அது மாதச் சம்பளக்காரரை மனத்தில் கொண்டு செய்த ஏற்பாடு. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி வருவது சனிக்கிழமை மாலையில். அந்தச் சனிக்கிழமைக்கு விடுமுறை எதுவும் இல்லை. சட்டம் எழுதுகிறவரின் கண்ணில் எந்தக் குடும்பம் தெரிந்தது, எது தெரியவில்லை என்பதற்கு இது ஒரு சிறிய சான்று.

மூடியதும் திறந்ததும்

இந்த ஆணையைத் தனியே வைத்துப் பார்த்தால் அதன் தன்மை விளங்காது. கேரளத்தில் மதுக்கொள்கை என்பது ஊஞ்சல் போல ஆடி வந்திருக்கிறது.

1996 ஏப்ரல் முதல் தேதியன்று ஏ.கே. அந்தோணி அரசு சாராயத்தைத் தடை செய்தது. ஏழைகளின் மது ஒழிந்தது. சீசாவில் வரும் மது தங்கியது. 2014-ல் உம்மன் சாண்டி அரசு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. மாநிலத்தில் இருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட மதுக்கூடங்களில் 418-க்கு அந்த ஏப்ரலில் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. ஆகஸ்டில், ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற எல்லா மதுக்கூடங்களையும் மூடுவது என்று முடிவாயிற்று. ஓட்டல்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2015 டிசம்பர் 29 அன்று நீதிமன்றம் அரசின் கொள்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. மூடிய கூடங்களில் பல, பீரும் ஒயினும் மட்டும் விற்கும் கடைகளாக உருமாறின.

ஆட்சி மாறியது, ஊஞ்சல் திரும்பியது. 2017 ஜூலை முதல் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்கள் மீண்டும் உரிமம் பெறலாயின. அதே ஆண்டில் மது வாங்குவதற்கான வயது வரம்பு 21-லிருந்து 23 ஆக உயர்த்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் மதுக்கூடங்களின் எண்ணிக்கை 2014-க்கு முந்தைய நிலையையும் கடந்துவிட்டது.

இந்த வரலாற்றில் ஒரு பாடம் உண்டு. 2014-ல் மதுக்கூடங்கள் மூடப்பட்டபோது வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களின் மறுவாழ்வுக்கென்று மது விற்பனையில் 5 சதவீதம் மேல்வரி விதிக்கப்படும் என்று அரசு அறிவித்தது. ஆனால் மறுவாழ்வு யாருக்குக் கிடைக்கும்? பெயர் பதிவேட்டில் உள்ளவருக்கு. தெரிந்தவர் சொல்லி வேலைக்குச் சேர்ந்து, ஓட்டலின் மாடியிலேயே படுத்துக்கொண்டு, கையெழுத்தில்லாமல் சம்பளம் வாங்கியவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். மூடும்போது அவர் மூட்டையைக் கட்டுகிறார். திறக்கும்போது மறுபடி ரயில் ஏறி வருகிறார். ஊஞ்சல் எந்தப் பக்கம் ஆடினாலும் அடிபடுவது அவர் முழங்கால்தான்.

மானவீயம் தந்த அனுபவம்

இரவு வாழ்க்கை என்றால் மது என்றுதான் பொருளா? திருவனந்தபுரம் நகரமே இதற்கு ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. வெள்ளயம்பலத்துக்கு அருகில் உள்ள மானவீயம் வீதி, ஓவியமும் பாட்டும் நாடகமும் நடக்கும் தெருவாகப் பல ஆண்டுகளாகப் பெயர் பெற்றது. அதைப் புதுப்பித்து, 2023 இறுதியில் இரவு நேர வாழ்க்கைக்கான தெருவாகத் திறந்துவிட்டார்கள். மதுக்கடை இல்லை, பாட்டு இருந்தது, தின்பண்டம் இருந்தது, குடும்பங்களும் மாணவர்களும் வந்தார்கள். பெண்கள் நள்ளிரவில் அச்சமின்றி உட்கார்ந்து பேசினார்கள். இந்த நகரத்துக்கு அது புதிய காட்சி.

ஆனால் சில நாட்களிலேயே கைகலப்புச் செய்திகள் வந்தன. வெளியில் குடித்துவிட்டு வந்தவர்களின் தகராறு, அக்கம்பக்கத்து வீட்டாரின் புகார் என்று விவகாரம் வளர்ந்தது. காவல்துறை நேரக் கட்டுப்பாடு கேட்டது. தெருவில் மதுவை விற்காமல் இருந்தால் மட்டும் தகராறு நின்றுவிடாது. காவலும் கழிப்பிடமும் பஸ்ஸும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாமல் ஒரு தெருவை இரவு முழுவதும் திறந்து வைத்தால் அது தாங்காது. மானவீயம் காட்டியது இதைத்தான்.

2020 ஜனவரியில் மும்பையும் இதுபோல் செய்தது. குறிப்பிட்ட பகுதிகளில் கடைகள், உணவகங்கள், திரையரங்குகள் 24 மணி நேரமும் நடக்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் மது விற்பனைக்கு இருந்த நேர வரம்பைத் தொடவில்லை. இரவையும் மதுவையும் பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

சிங்கப்பூரைப் பாருங்கள்

ஆசியாவில் இரவு வாழ்க்கைக்குப் பேர்போன நகரம் என்றால் சிங்கப்பூரைச் சொல்வார்கள். அங்குள்ள ராஃபிள்ஸ் ஓட்டலில் சுமார் 1915-ல் உருவானதாகச் சொல்லப்படும் 'சிங்கப்பூர் ஸ்லிங்' என்ற காக்டெயில் உலகப் புகழ் பெற்றது. காக்டெயில் என்பது வேறொன்றுமில்லை. ஜின் போன்ற மதுவோடு பழச்சாறும் பாகும் ஐஸும் கலந்து குலுக்கித் தருவது. அங்கே ஆற்றங்கரையில் வரிசையாக மதுக்கூடங்கள் உண்டு. உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து குடிக்கிறார்கள். ஒரு கோப்பையின் விலை, அதே நகரில் கட்டடம் எழுப்பும் தமிழ்த் தொழிலாளியின் ஒரு நாள் கூலியையும் விஞ்சக்கூடும்.

அந்தத் தொழிலாளிக்கும் ஒரு மாலை உண்டு; அது ஞாயிற்றுக்கிழமை மாலை. லிட்டில் இந்தியாவுக்கு வந்து, ஊர்க்காரரைப் பார்த்து, வீட்டுக்குப் பணம் அனுப்பி, புல்தரையில் உட்கார்ந்து ஒரு பீர் குடித்துவிட்டு, தனியார் பஸ் ஏறித் தங்குமிடம் திரும்புவது அவர் வழக்கம். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, அப்படித் திரும்ப நினைத்த தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் ஏறினார். போதையில் இருந்த அவரை இறங்கச் சொன்னார்கள். நகரத் தொடங்கிய பஸ்ஸின் பக்கமாக நடந்தவர் இடறி, சக்கரத்தில் சிக்கி மாண்டார். தொடர்ந்து சுமார் 300 பேர் கலவரத்தில் ஈடுபட்டார்கள். ஆம்புலன்ஸும் போலீஸ் வண்டிகளும் எரிந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

அதன் பிறகு வந்தது 2015-ஆம் ஆண்டின் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரவு பத்தரை முதல் காலை ஏழு வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. கடைகளும் அந்த நேரத்தில் சீசா விற்கக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ஆனால் உரிமம் பெற்ற மதுக்கூடத்துக்குள் உட்கார்ந்து குடிப்பவருக்கு இந்தச் சட்டத்தால் இடைஞ்சல் எதுவும் இல்லை.

சிங்கப்பூர் அரசுக்குத் தன் நியாயம் உண்டு. கலவரத்தை எந்த அரசும் பொறுத்துக்கொள்ளாது. விசாரணைக் குழுவும் மதுவை ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. ஆனால் விளைவைப் பாருங்கள். கூரைக்குக் கீழே, நாற்காலியில், பெரும் விலை கொடுத்துக் குடிப்பவருக்கு நள்ளிரவு தாண்டியும் வழி இருக்கிறது. புல்தரையில் உட்கார்ந்து குடித்தவரின் வழி மட்டும் அடைபட்டது. அந்த விபரீதம் தொடங்கிய இடம் மதுக்கூடம் அல்ல, வீடு திரும்பும் பஸ்ஸின் படிக்கட்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு தகவலும் உண்டு. சிங்கப்பூரில் வார இறுதி நள்ளிரவில் ஓடிய தனி பஸ்கள் 2020-ல் நிறுத்தப்பட்டு, 2022-ல் நிரந்தரமாகவே கைவிடப்பட்டன. டாக்சிக்குப் பணம் உள்ளவருக்கு அது ஒரு குறையல்ல. கோப்பை கழுவிவிட்டு வெளியே வருபவருக்கு அது தூக்கத்தில் இரண்டு மணி நேரம்.

பின்கதவு எங்கே?

வீடு திரும்பும் வழியைப் பற்றிச் சொன்னோம். வேலை செய்யும் அறையிலிருந்து உயிரோடு வெளியேறும் வழி அதைவிட முக்கியமானது. 2025 டிசம்பர் 6-ஆம் தேதி நள்ளிரவில், வட கோவாவில் அர்ப்போரா என்ற இடத்தில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்தது. 25 பேர் இறந்தார்கள். நடனமாட வந்த விருந்தினர்களில் பெரும்பாலோர் வாசல் வழியே தப்பிவிட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதியின் ஊழியர்கள். உத்தராகண்டிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். அடுக்களையிலும் கீழ்த்தளத்திலும் புகையில் சிக்கி மூச்சுத் திணறி மாண்டார்கள்.

எல்லா ஊர்களிலும் இத்தகைய விடுதிகளின் அமைப்பு இப்படித்தான். வாடிக்கைக்காரர் உட்காரும் கூடத்துக்கு அகன்ற வாசல். அடுக்களைக்கு ஒற்றைக் கதவு, அதன் முன்னும் வெங்காய மூட்டையும் கேஸ் சிலிண்டரும். பண்டசாலையே பல இடங்களில் படுக்கையறை. உரிமம் தரும் அதிகாரி நாற்காலிகளை எண்ணுகிறார், கட்டணத்தை வாங்குகிறார். அடுப்படியில் நிற்பவன் எந்தக் கதவு வழியாக ஓடுவான் என்று அவர் பார்க்க வேண்டும். கழக்கூட்டத்தில் எந்தக் கூடம் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

ஒரே மது, இரண்டு வாசல்

பூங்காவுக்குள் உட்கார்ந்து குடிக்க இடம் தரப்பட்டதால் நம்மவருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். நேரடி நஷ்டம் இல்லை. ஆனால் ஒரே மாநிலத்தில் ஒரே சரக்குக்கு இரண்டு மரியாதைகள் இருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

கேரளத்தில் சில்லறை மது விற்பனையை 1984-ல் ஏற்பட்ட அரசு பானக் கழகம் நடத்துகிறது. 2022 டிசம்பரில் மதுவின் விற்பனை வரி 251 சதவீதமாக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் 500 ரூபாய்க்கு மேற்பட்ட சீசாவுக்கு 20 ரூபாயும், 1,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ளதற்கு 40 ரூபாயும் சமூகப் பாதுகாப்பு மேல்வரி என்று சேர்ந்தது. முதியோர், விதவையர் உதவித்தொகைக்கு அந்தப் பணம் என்றார்கள். ஆக, வரிசையில் நின்று சீசா வாங்கும் கூலித் தொழிலாளி மாநிலத்தின் கஜானாவுக்குக் கணிசமாகத் தருகிறார். ஆனால் வாங்கிய சீசாவை எங்கே வைத்துக் குடிப்பது? பொது இடத்தில் குடிப்பது கேரள அப்காரிச் சட்டப்படி குற்றம். எட்டுப் பேர் தங்கும் அறையில் குடித்தால் மேஸ்திரியோடும் வீட்டுக்காரரோடும் சச்சரவு. மதுக்கூடத்துக்குப் போனால் கூலியில் பாதி காலி. எனவே ஆள் நடமாட்டம் இல்லாத சந்திலும் ரயில் பாதையோரத்திலும் ஒதுங்குகிறார், பிடிபட்டால் அபராதம். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

தமிழ்நாடு இதில் உயர்ந்துவிட்டது என்று நாம் மார்தட்ட இடமில்லை. 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003-ல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023-24-ல் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அங்கேயும் மனமகிழ் மன்றத்துக்கு ஒரு வாசல், கடையோடு ஒட்டிய தகரக் கொட்டகைக்கு இன்னொரு வாசல்.

விலை ஏறினால் ஏழை குடிப்பதை விட்டுவிடுவான் என்ற எண்ணமும் சரியென்று சொல்வதற்கில்லை. 1982 ஓணத்தின்போது கொச்சியை அடுத்த வைப்பினில் விஷச் சாராயத்துக்கு 70-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். 2000-ல் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 30-க்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இந்த மூன்று இடங்களிலும் இறந்தவர்கள் மலிவான மதுவைத் தேடிப்போன ஏழைகள். காக்டெயில் குடித்தவர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

மதுக்கூடம் வேண்டும் என்பாரும் வேண்டாம் என்பாரும் இருக்கிறார்கள். இருதரப்பிலும் நியாயம் உண்டு. நள்ளிரவில் வேலை முடிப்பவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதில் தவறில்லை. குடியால் நலிந்த வீடுகளைப் பார்த்தவர்கள் பதறுவதிலும் தவறில்லை. இந்த வாதம் எப்படி முடிந்தாலும், இரவில் ஊரைத் திறந்து வைப்பதென்று அரசு முடிவு செய்தபின் அதற்குச் சில கடமைகள் வந்து சேருகின்றன.

முதலாவது, பஸ். மதுக்கூடம் 12 மணிக்கு மூடினால் அங்கே வேலை செய்பவர் மேசை துடைத்துக் கணக்கு முடித்து வெளியே வர ஒரு மணி ஆகும். அந்த நேரத்தில் கழக்கூட்டத்திலிருந்து தம்பானூருக்கும், ஆற்றிங்ஙல் பக்கத்துக்கும் ஒரு பஸ் இருந்தாக வேண்டும். குடித்தவருக்கும் அது நன்மை. மது அருந்தி வண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. வீடு போக வழி வைக்காமல் தண்டனையை மட்டும் வைப்பது முறையல்ல. டெக்னோபார்க்கையும் சேர்த்துத் திருவனந்தபுரம் மெட்ரோவின் வழித்தடத்தை மாநில அரசு 2025 நவம்பரில் ஏற்றுக்கொண்டது. அது ஓடத் தொடங்கும்வரை நள்ளிரவு காத்திருக்காது. இரண்டு பஸ்களை விட மெட்ரோ தேவையில்லை.

இரண்டாவது, வேலை நேரம். கேரளக் கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு எட்டு மணி நேரம், அதற்கு மேல் செய்தால் இரட்டைக் கூலி. 2018-ல் செய்த திருத்தம், விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. இரவு ஒன்பது மணிக்குப்பின் பெண்களை வேலைக்கு வைத்தால் பாதுகாப்பும் வாகனமும் தரவேண்டும் என்றது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்த பெண்கள் போராடிப் பெற்றது அந்த உரிமை. கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு 2019-ல் ஆணையிட்டபோதும், எட்டு மணி நேர வரம்பையும் வார விடுமுறையையும் பெண்களின் எழுத்து மூலமான சம்மதத்தையும் நிபந்தனையாக்கியது. கழக்கூட்டத்தில் உரிமம் தரும் தாளிலேயே இந்த நிபந்தனைகளை எழுதிவிட்டால், மீறினால் உரிமம் போகும் என்ற பயம் இருக்கும்.

மூன்றாவது, பெயர்ப் பதிவு. இதில் நம் பங்கும் இருக்கிறது. அயல்மாநிலத் தொழிலாளருக்காகக் கேரள அரசு 2017-ல் தொடங்கிய 'ஆவாஸ்' திட்டம் மருத்துவ உதவியையும், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயையும் அளிக்க ஏற்பட்டது. பதிவு செய்துகொண்டவருக்கே இத்தகைய பலன்கள். "நான் ஆறு மாதத்தில் ஊர் திரும்பிவிடுவேன், எனக்கெதற்கு அட்டை?" என்று சொல்லிச் சொல்லியே பதினைந்து வருஷம் கழித்தவர்கள் நம்மில் பலர். முதலாளியிடம் சம்பளச் சீட்டுக் கேட்பதும், தொழிலாளர் துறையில் பெயர் பதிவதும் சண்டை பிடிப்பது ஆகாது. எழுதப் படிக்கத் தெரிந்த குமாஸ்தாக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தங்கள் ஊர்க்காரர்களுக்குப் படிவம் நிரப்பித் தந்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

நான்காவது, மது கலக்காத இரவு. நள்ளிரவில் சூடான தேநீரும் தோசையும் தரும் தட்டுக்கடைகள்தாம் இந்த நகரத்தின் பழைய இரவு வாழ்க்கை. ஐ.டி. இளைஞரும் ஆட்டோ ஓட்டுநரும் ஒரே பெஞ்சில் உட்காருவது அங்கேதான். அவற்றை விரட்டாமல், வெளிச்சமும் தண்ணீரும் கழிப்பிடமும் தந்து ஒழுங்குபடுத்தினால் மதுக்கூடத்தைவிட அதிகம் பேருக்குப் பயன்படும், செலவும் சொற்பம்.

முடிவாக ஒரு வார்த்தை. ஒரு நகரம் வளர்ந்துவிட்டது என்பதற்கு அதன் மதுக்கூடங்களில் எத்தனை வண்ணக் காக்டெயில் கிடைக்கிறது என்பது அடையாளமாகாது. அந்தக் கோப்பையைக் கழுவிய கை, இரவு ஒரு மணிக்கு ஈரத்தைத் துடைத்துக்கொண்டு பயமில்லாமல் வீடு போய்ச் சேர்கிறதா என்பதே அடையாளம். பூங்காவுக்குள் 12 மணி வரை மது வழங்கலாம் என்று மணி பார்த்து விதி எழுதத் தெரிந்த அரசுக்கு, ஒரு மணி பஸ்ஸுக்கும் ஒரு விதி எழுதத் தெரியாமல் இருக்காது. எழுத மனம் வர வேண்டும்.